பழைய டபுள் பேரல் துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா? கட்டையை விடுங்கள், குழலைப் பாருங்கள்

லைசென்ஸ் கையில் வந்து, கன் ஹவுஸுக்குள் நுழைந்ததும் கண் போவது கட்டையின், அதாவது தோளில் வைக்கும் மரப்பகுதியின், பளபளப்பில்தான். விற்பவருக்கும் அது தெரியும், அதனால்தான் பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார். கட்டை விரிசல் விட்டால் மாற்றிக்கொள்ளலாம். குழல் போனால் துப்பாக்கியே போச்சு.

முதலில் திறந்து, காலியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பிறகு குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் தனியாக எடுங்கள். உள்ளே காய்ந்த துணி ஓட்டி எண்ணெயைத் துடைக்காமல் பார்ப்பதில் பயனில்லை. சின்னத் துருக்குழிகளை எண்ணெய் மூடிவிடும். ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். நிழல் ஒரு பக்கம் மட்டும் பிறை போல விழுந்தால் அது வெளியிலிருந்து அடிபட்ட நெளிவு, நல்ல கன்ஸ்மித் எடுத்துவிடுவார். முழு வளையமாக விழுந்தால் குழல் அங்கே உப்பியிருக்கிறது. மண்ணோ துணியோ அடைத்திருந்தது தெரியாமல் சுட்டிருப்பார்கள். அதை வாங்க வேண்டாம்.

உள்புறம் கண்ணாடி போல மின்னினாலும் உடனே மயங்காதீர்கள். குழிகளைத் தேய்த்து எடுத்திருந்தால் சுவர் மெலிந்திருக்கும். பிரிட்டிஷ் துப்பாக்கி வணிகத்தில் குறைந்தபட்சமாகப் பொதுவாகச் சொல்லும் கணக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது சுமார் அரை மில்லிமீட்டர். இதைக் கண்ணால் சொல்ல முடியாது, சுவர் அளக்கும் கேஜ் வேண்டும்.

குழலின் அடியில் உள்ள கொக்கியில் விரல் மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் நல்லது. கரகரவென்று செத்த ஒலி வந்தால் இரு குழல்களையும் இணைக்கும் ரிப்பின் பற்றவைப்பு விட்டிருக்கிறது.

பலர் கோட்டைவிடும் இடம் சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காரும் அறையின் நீளம். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் சேம்பர் 2½ அங்குலம், அதாவது 65 மி.மீ. இன்று பரவலாகக் கிடைக்கும் தோட்டா 70 மி.மீ. பெட்டியில் போட்டிருக்கும் அந்த நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்த கூட்டின் நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை, ஆகவே 65 சேம்பரிலும் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் முன்னுள்ள குறுகலுக்குள் நீண்டு, அழுத்தம் எகிறும். “நுழைகிறதே” என்பது சான்றல்ல. குழலின் அடித்தட்டில் பொறித்த சோதனை முத்திரைகளைப் படியுங்கள், முடிந்தால் கேஜால் அளந்துவிடுங்கள். குழலில் இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் செய்ததால் வரும் டமாஸ்கஸ் வரி சுருள் சுருளாகத் தெரிந்து, புகையில்லா மருந்துக்குச் சோதித்ததைக் காட்டும் நைட்ரோ முத்திரை இல்லையென்றால் அது கரிமருந்துக் காலத்துத் துப்பாக்கி. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து இறுக்கம். முன்கட்டை இல்லாமலேயே குழலை மாட்டிப் பூட்டி, குழலைப் பிடித்து ஆட்டுங்கள். கடகடத்தால் கீல் தேய்ந்திருக்கிறது. துப்பாக்கியைத் திறக்கும் மேல் லீவர், பூட்டிய நிலையில் நடுக்கோட்டின் வலப்பக்கம் நின்றால் பூட்டில் தேய்மானம் குறைவு. இடப்பக்கம் தாண்டி நின்றால் நிறைய உழைத்த துப்பாக்கி. டம்மி தோட்டா போட்டு, சேஃப்டியைப் போட்டு இரண்டு விசைகளையும் அழுத்துங்கள். பிறகு சேஃப்டியை விடும்போது உள்ளே சுத்தியல் விழக்கூடாது.

வாய்ப்பக்கம் இரு குழல்களுக்கும் இடையே இடைவெளி விட்டு ஈயத்தால் நிரப்பியிருந்தால் குழலை வெட்டியிருக்கலாம். வெட்டினால் வாய்ப்பக்கக் குறுகலான சோக் போய்விடும், ரவை சிதறும். அதோடு உரிமமின்றிக் குழலைக் குறுக்குவது 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி குற்றம். தயாரிப்பாளர் பெயர், எண் போன்ற அடையாளம் எதுவும் இல்லாத துப்பாக்கியை விற்பதையே 8-ஆம் பிரிவு தடுக்கிறது. எண்ணைச் சுரண்டியது போலிருந்தால் தொடக்கூட வேண்டாம்.

கடையில் வாங்கினால் வியாபாரியின் உரிமம் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். கடைக்காரர் அல்லாத தனிநபரிடம் என்றால், அவர் உங்கள் பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, குறைந்தது 45 நாள் கழிந்த பிறகே துப்பாக்கி கைமாற வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவருக்கு 2 துப்பாக்கிக்கு மேல் இல்லை. ஏற்கெனவே வீட்டில் தாத்தா காலத்தது ஒன்று உங்கள் பெயரில் இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.