தாத்தாவின் தேக்கு மேசையும் மூன்று மாத வெள்ளைப் படலமும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு டார்ச்சைப் படுக்கவைத்து மேசைமேல் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். வெள்ளை இல்லை. குனிந்து இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எதிர்ப் பக்கம் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இல்லவே இல்லை. ஐப்பசியில் தொடங்கிய பாலிஷ் வேலை. நடுவில் இரண்டு முறை மண்ணைக் கவ்வி, தை மாதத்தில் ஒருவழியாக மேல்பலகை மட்டும் முடிந்திருக்கிறது.

தாத்தாவின் எழுதுமேசை இது. பர்மா தேக்கு என்பார் அப்பா. எல்லார் வீட்டிலும் பழைய தேக்கு பர்மா தேக்குதான், அதனால் அந்தப் பேச்சில் நான் தலையிடுவதில்லை. பழைய பாலிஷ் எது என்று பார்க்க, டிராயருக்கு அடியில் ஒரு சொட்டு ஸ்பிரிட் (அரக்கைக் கரைக்கும் சாராய வகைத் திரவம்) வைத்தேன். அரை நிமிடத்தில் விரலில் ஒட்டியது. அரக்கு பாலிஷ்தான். பழையதை எடுத்தது, உப்புத்தாள் 120, 220, 320 என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்கு ஏறியது, சாக் பவுடரில் காவி கலந்து மரத்தின் நுண்துளைகளை அடைத்தது எல்லாம் வழக்கம்போல். 300 மில்லி ஸ்பிரிட்டுக்கு 45 கிராம் அரக்கு. ஒரு ராத்திரி ஊறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டியது.

மூன்று கோட் வரை கண்ணாடி. நாலாவது ஏறும்போதே பனி மூட்டம்போல வெள்ளை படர்ந்தது. அரக்கு பழசு என்று முடிவுகட்டினேன் (கரைத்து ஆறு மாதம் தாண்டினால் சரியாகக் காயாது, ஆனால் இது கரைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை). பாரிமுனைப் பக்கம் போய்ப் புது அரக்கு வாங்கிவந்து, கார்த்திகையில் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி வெள்ளை. ஒரு வாரம் அந்த அறைப் பக்கமே போகவில்லை.

அடுத்த தெருவில் முன்பு பாலிஷ் வேலை செய்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கூட்டிவந்து காட்டினேன். மேசையைத் தொடக்கூட இல்லை. "மழையில யாரு தம்பி பாலிஷ் போடச் சொன்னது?" என்றார். அவ்வளவுதான், காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். ஸ்பிரிட் ஆவியாகிற வேகத்தில் பலகையின் மேல்பரப்பு சில்லென்று ஆகிவிடுகிறது. ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதுபோல, காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் இறங்கி அரக்குக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. போதாததற்கு ஸ்பிரிட்டும் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். என் கேனின் மூடி இரண்டு மாதமாகச் சரியாக மூடப்படாமலே கிடந்திருக்கிறது. சூடான டபரா வைத்தால் விழுகிற வெள்ளை வட்டமும் இதே சாதிதான்.

அப்படியென்றால் சுரண்ட வேண்டியதே இல்லை. ஸ்பிரிட்டால் லேசாகத் தேய்த்து அரக்கைக் கொஞ்சம் இளக்கி, சிக்கியிருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி விட்டால் போதும். நல்ல வெயில் நாளாகப் பார்த்து, பதினொரு மணிக்கு மேல், புது ஸ்பிரிட், பஞ்சுப் பொட்டலம். இந்தப் பொட்டலத்தில்தான் முழு ஞாயிறும் போனது. உள்ளே பஞ்சு, வெளியே பல வருடம் துவைத்து நைந்த வேட்டித் துணி. புதுத் துணி நூல் விடும், பனியன் துணி சுருக்கம் விழும். அடிப்பக்கம் ஒரு மடிப்புகூட இருக்கக் கூடாது. ஸ்பிரிட் எவ்வளவு? புறங்கையில் அழுத்தினால் குளிர வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. ஒட்டினால் பழைய பேப்பரில் அமுக்கி எடுத்துவிட வேண்டும். விமானம் இறங்குவதுபோல ஓரத்திலிருந்து சறுக்கி உள்ளே வந்து, நிற்காமல் மறு ஓரத்தில் வெளியேற வேண்டும். ஒரு தேய்ப்பு, பத்து நிமிட இடைவெளி, மறுபடி ஒரு தேய்ப்பு. நாலாவது தடவையில் வெள்ளை நடுவிலிருந்து விலகத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இடது மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தழும்பு சாட்சி. கொரியர்காரர் காலிங்பெல் அடித்தார், நான் திரும்பிப் பார்த்தேன், பொட்டலம் ஒட்டி அரக்கைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த இடத்தில் பேனா ஸ்டாண்ட் வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

பொட்டலம் வழுக்க ஆளிவிதை எண்ணெய் ஒரு துளி தொட்டுக்கொண்டேன். அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நான் கொடியில் விரித்துப் போட்டுவிடுகிறேன், அம்மா முறைத்தாலும்.

கையில் ஸ்பிரிட் இருக்கும் தைரியத்தில் ரெக்சின் ஸ்டூலையும் துடைத்தேன். பழுப்பு நிறம் துணியோடு வந்துவிட்டது. ரெக்சினுக்குச் சோப்புத் தண்ணீர் போதும், தெரிந்துதான் செய்தேன், என்னவோ ஒரு வேகம். இரும்பு பீரோவின் காலில் துரு பிடித்திருந்தது, வீடு துடைக்கும் தண்ணீர் படுகிற இடம் அது. உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, ரப்பர் புஷ் மாட்டியாயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு கதை. இந்த அரக்கு ஒரு பூச்சி சுரப்பது. இலந்தை, புரசு மரக் கிளைகளில் ஒட்டியிருக்கும். நம் நாட்டில் ஜார்க்கண்டில்தான் அதிகம். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய கிராமபோன் தட்டும் இதே அரக்கில் செய்ததுதான். தாத்தாவிடம் அப்படிச் சில தட்டுகள் இருந்தன, மேசைக்குப் பக்கத்திலேயே. அதில் உடைந்த ஒன்றைக் கரைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது; அதில் அரக்கைவிடக் கல்பொடி மாதிரிக் கலப்படங்கள்தான் அதிகம் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

மேசைக்கு நாலு காலும் இன்னும் மொட்டையாகத்தான் நிற்கின்றன. கடைசல் கால்கள், பொட்டலம் வளைவுக்குள் போகாது, பிரஷ்தான் பிடிக்க வேண்டும். ஆனால் மனசு ஏற்கனவே பிரம்பு நாற்காலிக்குத் தாவிவிட்டது. தொய்ந்த பின்னலை அடிப்பக்கமாக வெந்நீரில் நனைத்து, யாரும் உட்காராமல் நிழலில் காயவிட்டேன். ஒரு நாற்காலி முரசுபோல இறுகிவிட்டது. இன்னொன்றில் நாலு இழை அறுந்திருக்கிறது, புதுப் பிரம்பு சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் பிளாஸ்டிக்கைத் தள்ளப் பார்த்தார், அசல்தான் வேண்டும் என்றேன், வெள்ளிக்கிழமை வரும் என்றார். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் மேசைக்கால் அடுத்த மாதம்தான்.