ஆள் குறைந்த நேரத்தில் மட்டும் வந்த 502

கொழும்பு புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு ஓர்டர் எடுக்கும் மென்பொருள் செய்து கொடுத்தோம். டொம்கட் (Tomcat) என்ற சர்வரில் ஓடும் ஜாவா செயலி, அதற்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் என்ஜின்எக்ஸ் (nginx). நிறுவும் வேலை சிக்கலின்றி முடிந்தது. பிறகுதான் 502 தலைகாட்டியது. பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை என்று முன்னால் இருப்பது சொல்லும் பிழை அது. ஓர்டரை அனுப்பினால் இடையிடையே பிழை வரும். மறுபடி அழுத்தினால் போய்விடும்.

ஹொஸ்டிங் நிறுவனத்தின் உதவிப் பிரிவு தந்த பதில் இது: "எங்கள் பக்கம் எல்லாம் சரி. நினைவகம் போதாது, பெரிய பக்கேஜுக்கு மாறுங்கள்." நினைவகத்தில் பாதிக்கு மேல் சும்மா கிடப்பதைப் படம் பிடித்து அனுப்பியும் அதே பதில். இன்னொருவர் புரொக்ஸி ரீட் டைம்அவுட்டை 300 விநாடியாக்கச் சொன்னார். அது பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம். அது தீர்ந்தால் வருவது 504, அதாவது நேரம் கடந்துவிட்டது என்ற பிழை. எங்களுக்கோ அழுத்திய மறுகணமே 502 வந்தது. கடைசியில் கடையின் இணைய இணைப்பைக் கைகாட்டினார்கள். 502 என்பதே என்ஜின்எக்ஸ் எழுதும் பதில், கடை ரவுட்டரால் அதை உண்டாக்க முடியாது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? காலி வீதி (Galle Road) நெரிசலில் புறக்கோட்டைவரை வீணாகப் போய் வர வேண்டியதாயிற்று.

ஆனால் கடை முதலாளி ஒன்று சொன்னார்: "தம்பி, விலை பார்க்கும்போது ஒன்றும் ஆவதில்லை. ஓர்டர் போடும்போதுதான் இப்படி. அதுவும் ஜும்ஆ நேரத்தில்தான் கூட." உதவிப் பிரிவில் இருந்த எவரையும்விட அவர் துல்லியமாகக் கவனித்திருந்தார்.

பதிவுக் கோப்பும் அதையே சொன்னது. காலை நெரிசலில் பிழையே இல்லை. ஓரிருவர் மட்டும் கடையில் இருந்து விட்டுவிட்டு ஓர்டர் போடும் வெள்ளி மதியங்களில் 502 குவிந்திருந்தது. சுமையால் வரும் கோளாறு இப்படி வராது.

வலைப் பொதிகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் (tcpdump) போட்டு என்ஜின்எக்ஸுக்கும் டொம்கட்டுக்கும் இடையிலான பொதிகளைப் பார்த்தோம். ஒரு பதில் போகிறது. பின் 20 விநாடி அமைதி. டொம்கட் ஃபின் (FIN) என்ற முடிப்புப் பொதியை அனுப்பி இணைப்பை மூடுகிறது. அது போய்ச் சேருவதற்குள் அதே இணைப்பில் ஒரு போஸ்ட் (POST) கோரிக்கை, அதாவது ஓர்டரைக் கொண்டுபோகும் கோரிக்கை, கிளம்பிவிடுகிறது. டொம்கட்டின் பதில் ஆர்எஸ்டி (RST), இணைப்பை வெட்டிவிடும் பொதி. என்ஜின்எக்ஸ் 502 எழுதிவிடுகிறது.

டொம்கட்டுடன் வரும் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில் கனெக்‌ஷன் டைம்அவுட் 20000 மில்லிவிநாடி. பதில் கொடுத்த பின் சும்மா இருக்கும் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் நேரமான கீப்-அலைவ் டைம்அவுட்டைத் தனியே எழுதாவிட்டால் அதே அளவைத்தான் அதுவும் எடுத்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸோ, மறுபடி பயன்படுத்த வைத்துக்கொள்ளும் பின்புற இணைப்புகளை, வேறு எண் எழுதாவிட்டால் 60 விநாடி சும்மா வைத்திருக்கும். மூடும் உரிமை முன்னால் நிற்பவரிடம் இருக்க வேண்டும். இங்கே பின்னால் இருப்பவர் முந்திக்கொண்டார். நெரிசலில் எந்த இணைப்பும் 20 விநாடி சும்மா இருப்பதில்லை, அதனால் பிழையும் இல்லை. விலைப் பட்டியல், தகவலைப் படிக்க மட்டும் செய்யும் கெட் (GET) கோரிக்கை. தோற்றால் என்ஜின்எக்ஸ் புது இணைப்பில் சத்தமின்றி மறுபடி அனுப்பிவிடும். ஓர்டர் இரட்டித்துவிடக் கூடாது என்பதால் போஸ்டை அப்படி அனுப்பாது.

டொம்கட்டின் கீப்-அலைவ் டைம்அவுட்டை 75000 ஆக்கினோம். தீர்ந்தது. அடுத்த ஜும்ஆ நேரத்துப் பதிவில் ஒரு 502கூட இல்லை. அன்று எனக்கு வந்த நிம்மதி கொஞ்சமல்ல.

இதே வழியில் போகிறவர்கள் கனெக்‌ஷன் டைம்அவுட்டைக் கூட்ட வேண்டாம். இணைப்பைத் திறந்துவிட்டுக் கோரிக்கையை அனுப்பாமல் இழுத்தடிப்பவர்களைத் துரத்துவது அதுதான். டொம்கட்டில் மில்லிவிநாடி, என்ஜின்எக்ஸில் விநாடி. 75 என்று மட்டும் எழுதினால் நிலைமை முன்பைவிட மோசமாகும். டொம்கட்டைத் தன்னுள்ளேயே கொண்டுவரும் ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டில் அந்த சர்வர்.எக்ஸ்எம்எல் கிடையாது, உள்ளிருக்கும் டொம்கட் 60 விநாடி எடுத்துக்கொள்ளும். முன்னாலும் 60, பின்னாலும் 60 என்றால் யார் முதலில் மூடுவார் என்பது அதிர்ஷ்டம். அங்கேயும் பின்புற எண்ணைத் தெளிவாகக் கூட்டி வையுங்கள்.