என் 86-க்குக் கன்வெர்ட்டர் தேடிய மூன்று மாதங்கள்

காலையில் என் டொயோட்டா 86 காரைக் கிளப்பியதும் அடியில் ஒரு சத்தம் கேட்கும். மைலோ டின்னில் நாலைந்து கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போல. எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். வெப்பத் தடுப்புத் தகடு தளர்ந்திருக்கும் என்று நானே வைத்தியம் பார்த்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டினேன். பிறகு சிங்கப்பூரின் சின் மிங்கில் ஒரு பட்டறையில் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். மெக்கானிக் ஈப்போக்காரர், அண்ணன் என்றுதான் அழைப்பேன். எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டை ரப்பர் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். அதோடு சேர்ந்த, புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்குள்ளிருந்து கலகலவென்று பதில் வந்தது.

"உள்ளே பீங்கான் உடைந்துவிட்டது, தம்பி. இடையில் எஞ்சின் விளக்கு மின்னியதா?"

மின்னியது. இரண்டு மாதத்துக்கு முன், மத்திய விரைவுச்சாலையில், மழையில். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஒன்று செத்துப்போய் ஒரு சிலிண்டர் எரியாமல் இருந்தது. விளக்கு நிலையாக எரிந்தால் பட்டறைக்குப் போகலாம், மின்னினால் ஓரமாக நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. வேலை அதிகம் என்று ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்திருக்கிறது. 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள காயிலைத் தள்ளிப்போட்டதற்கு வந்த வட்டி இது.

வண்டி 2012இல் பதிவானது. 10 ஆண்டு முடிந்தபோது, கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇ-யை இன்னொரு 10 ஆண்டுக்குப் புதுப்பித்தேன். அந்தத் தொகையை வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. 10 வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போக வேண்டும். அடுத்த பரிசோதனைக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது.

இந்த வண்டியில் கன்வெர்ட்டர் இரண்டு. முதலாவது எஞ்சினை ஒட்டி மேனிஃபோல்டிலேயே இருக்கிறது, இரண்டாவது அதற்குப் பின்னால் முன்குழாயில். எஞ்சின் கணினி ஆக்சிஜன் சென்சார் வழியாகக் கண்காணிப்பது முதலாவதை மட்டும். என்னுடையதில் உடைந்ததும் அதுதான். பட்டறைகளில் இதைச் சுருக்கமாக 'கேட்' என்பார்கள். தொலைபேசியில் நான் விலை பேசுவதைக் கேட்ட அம்மா, "நம் வீட்டுக் கேட் நன்றாகத்தானே இருக்கிறது, நாலாயிரம் வெள்ளிக்குப் புதியது எதற்கு?" என்றார். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு இரும்புக் கதவை மாற்றப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். உண்மையைச் சொன்னபோது இன்னும் கோபப்பட்டார்.

நாலாயிரம் என்பது அசல் பாகத்துக்கும் கூலிக்கும் சேர்த்து எனக்குச் சொல்லப்பட்ட விலை. அதைக் கேட்டதும் மற்ற வழிகளைத் தேடினேன். நண்பர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர், எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போ, பாதி விலை என்றார். விதிப்படி டாங்கில் முக்கால் பங்கு பெட்ரோலோடு எல்லையைத் தாண்டி, அங்கே பூட்டிக்கொண்டு திரும்பிவிடலாம். ஆனால் பரிசோதனையில் தவறினால் யாரிடம் போய் நிற்பது? இன்னொருவர், கன்வெர்ட்டரே வேண்டாம், வெறும் குழாயைப் போட்டு, சென்சாருக்கு ஒரு நீட்டிப்புத் துண்டு வைத்துக் கணினியை ஏமாற்றிவிடு என்றார். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு ஓட்ட நிலப் போக்குவரத்து ஆணைய விதிகள் இடம் தருவதில்லை. விதியை விடுங்கள், கணினியை ஏமாற்றலாம், பரிசோதனையில் புகையை அளக்கப் பின்குழாயில் செருகும் கருவியை எப்படி ஏமாற்றுவது? கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து பழைய அசல் பாகம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அந்த வண்டி எவ்வளவு எண்ணெய் குடித்ததோ! எண்ணெயிலுள்ள பாஸ்பரஸ் உள்ளே படிந்துவிட்டால் கன்வெர்ட்டர் வெளியே பளபளப்பாக இருந்தும் பயனில்லை.

மிஞ்சியது வெளித் தயாரிப்பு, அதாவது டொயோட்டா அல்லாத நிறுவனங்கள் செய்யும் பாகம். இங்கேதான் பாடம் படித்தேன்.

கன்வெர்ட்டரின் உள்ளே தேன்கூடு போன்ற கட்டங்கள். அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் மெல்லிய பூச்சு. கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றுவதும், நைட்ரஜன் ஆக்சைடுகளை உடைப்பதும் அந்தப் பூச்சுதான். விலை முழுவதும் அதில் இருக்கிறது, அதைத்தான் கண்ணால் பார்க்க முடியாது. விற்பவர்கள் பேசுவதோ சதுர அங்குலத்துக்கு எத்தனை கட்டம் என்பதை. 200 என்றால் புகை தாராளமாக ஓடும், 400, 600 என்றால் புகை படும் பரப்பு அதிகம். ஸ்போர்ட்ஸ் கார்க்காரன் காதில் 200 என்பது தேனாக விழும்.

காக்கி புக்கிட்டில் ஒரு கடையில் 700 வெள்ளிக்கு ஒன்று காட்டினார்கள். "400 கட்டம், பீங்கான்" என்றார் கடைக்காரர். கைப்பேசி விளக்கை அடித்து உள்ளே பார்த்தேன். சட்டைப்பையில் மகளின் பள்ளி அடிக்கோல் இருந்தது. பீங்கான் முகப்பில் ஓர் அங்குலத்தை அளந்து, தீக்குச்சி முனையால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினேன். பதினான்கு. நம்பாமல் குறுக்கே எண்ணினேன். பதினான்கு. பதினான்கைப் பதினான்கால் பெருக்கினால் 196. 400 என்றால் அங்குலத்துக்கு இருபது வந்திருக்க வேண்டும். கடைக்காரர் என்னையும் தீக்குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாம் ஒன்றுதான்" என்றார். கண்ணுக்குத் தெரியும் கட்டத்திலேயே பாதி குறைந்தால், தெரியாத பூச்சில் எவ்வளவு குறைந்திருக்கும்? ஐரோப்பிய ஒப்புதல் பெற்ற பாகத்தின் உடலில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் நாட்டு எண்ணும் அச்சடித்திருக்கும். இதில் ஒரு ஸ்டிக்கர் மட்டும்.

அதற்குப் பிறகு என் கேள்வி மாறிவிட்டது. குதிரைத்திறன் எவ்வளவு கூடும் என்று கேட்பதை நிறுத்தினேன். யீஷூனிலிருந்து அங் மோ கியோ அலுவலகத்துக்குக் கால் மணி நேரம் ஓட்டுகிறவன் நான். கன்வெர்ட்டர் வேலை தொடங்கவே ஏறத்தாழ 250 முதல் 300 செல்சியஸ் வெப்பம் வேண்டும். என் பயணத்தில் ஒரு பங்கு அது சூடேறுவதிலேயே போய்விடுகிறது. சீக்கிரம் சூடேறுவதும், பரிசோதனை நாளில் சுத்தமாக ஊதுவதும்தான் எனக்கு வேண்டியவை. மெல்லிய உலோகத் தகட்டால் ஆன தேன்கூடு விரைவில் சூடேறும், சுவர் மெலிதாக இருப்பதால் புகைக்கும் வழி விடும்.

கடைசியில் ஜப்பானியத் தயாரிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். உலோகக் கூடு, 300 கட்டம், மேனிஃபோல்டோடு சேர்ந்தது. அந்நாட்டு வாகனப் பரிசோதனைக்கான புகை அளவீட்டு அறிக்கை பெட்டியிலேயே வந்தது. பொருள் சேவை வரி 9 விழுக்காட்டையும் சேர்த்து 2,600 வெள்ளி. வாங்குவதற்கு முன்பே அந்த அறிக்கையின் நகலை அனுப்பச் சொல்லி, பரிசோதனை நிலையத்தில் காட்டிக் கேட்டுக்கொண்டேன். அந்த அரை நாள் விடுப்பு, நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு.

பூட்டிய அன்று சத்தம் இல்லை, விளக்கும் இல்லை. ஆனால் முன்னோட்டமாகப் புகையை அளந்தபோது கார்பன் மோனாக்சைடு 1.9 விழுக்காடு. போன ஆண்டுத் தாளில் 0.02 என்று இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 2,600 வெள்ளிக்கு நானும் ஒரு ஸ்டிக்கரை வாங்கிவிட்டேனோ என்று அன்றிரவு தூக்கமே இல்லை.

மறுநாள் அண்ணன் வண்டி ஆறியிருக்கும்போதே கிளப்பச் சொல்லி, சோப்பு நீரை மேனிஃபோல்டு இணைப்புகளில் தெளித்தார். இடப்பக்க மூட்டில் குட்டிக் குட்டியாகக் குமிழிகள். மூட்டின் இடைவெளியை அடைக்கும் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருக்கிறார் அவருடைய உதவியாளர். அந்தச் சந்து வழியே வெளிக்காற்று உள்ளே போக, முன் சென்சார் ஆக்சிஜன் அதிகம் என்று கணினிக்குச் சொல்ல, அது பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. கன்வெர்ட்டர் மீது குற்றமில்லை. "18 வெள்ளிக் கேஸ்கெட், தம்பி. கூலி வேண்டாம்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

பரிசோதனைக்குப் போகும்போது சிலேத்தார் விரைவுச்சாலையில் இருபது நிமிடம் சுற்றிவிட்டு, எஞ்சினை அணைக்காமலேயே வரிசையில் நின்றேன். குழாயைச் செருகினார்கள். ஊழியர் தாளைக் கிழித்துக் கொடுத்தார்: 0.04. முன்பைவிட இரு மடங்கு என்று அம்மாவிடம் சொல்லவில்லை. தீக்குச்சியும் அடிக்கோலும் இன்னும் காரின் கையுறைப் பெட்டியில் கிடக்கின்றன. மகள் புது அடிக்கோல் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.