வாயில் நீர் வடியும் மாடு

சம்பா அறுவடை முடிந்து, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் ஆட்டுக்கிடைகளும் உள்ளூர் மாடுகளும் ஒரே தரிசில் மேயும் மாதங்களில், மன்னார்குடி வட்டாரக் கால்நடை மருத்துவனாகிய எனக்கு அடிக்கடி வரும் செய்தி, "மாட்டுக்கு வாயில தண்ணியா ஊத்துதுங்க டாக்டர்" என்பதுதான். அந்த எச்சிலுக்குக் காரணம் கோமாரியாகவும் இருக்கலாம், ரேபிஸ் எனப்படும் வெறிநோயாகவும் இருக்கலாம். இரண்டு வைரஸ்களும் உடலுக்குள் போகும் பாதை வேறு, எடுத்துக்கொள்ளும் காலமும் வேறு.

கோமாரி வைரஸ் பெரும்பாலும் மூச்சுக்காற்றோடு புகுந்து, தொண்டையில் பெருகி, இரத்தத்தில் கலந்து, நாக்கு, ஈறு, குளம்பிடுக்கு, மடிக்காம்பு ஆகிய இடங்களில் கொப்புளமாக வெடிக்கிறது. ஓர் உம்பளச்சேரிப் பசுவின் நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தபோது, மேல்தோல் தகடாக உரிந்து என் கையுறையோடு வந்துவிட்டது. பசு சப்புக்கொட்டியபடி பின்னங்காலை உதறிக்கொண்டே நின்றது. தொற்றிய 2 முதல் 14 நாட்களுக்குள் இது வெளியே தெரியும். கொப்புளம் தோன்றும் முன்பே மாடு வைரஸை வெளியிடத் தொடங்குவதால், அதைப் பிரித்துக் கட்டும் நேரத்தில் நோய் பல சமயம் பக்கத்துத் தொழுவத்துக்குப் போயிருக்கும். இளங்கன்றுகளில் இதயத் தசையையே தாக்கி, வாயில் புண் காணும் முன்னரே உயிரைப் பறிப்பதும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி என்று நாங்கள் வீடு வீடாக வற்புறுத்துவது இதனால்தான்.

கோமாரியால் மனிதருக்கு ஏறக்குறைய ஆபத்தே இல்லை. வெறிநோய் அப்படியன்று. கடிவாயில் இறங்கிய வைரஸ் இரத்தத்தை நாடாமல், தசையிலிருந்து நரம்பைப் பற்றி, தண்டுவடம் வழியே மூளைக்கு ஏறி, அங்கிருந்து நரம்புகள் வழியாகவே உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இறங்குகிறது. மனிதருக்கு இதற்குப் பொதுவாக 1 முதல் 3 மாதங்கள் பிடிக்கும். முகத்திலோ தலையிலோ கடிபட்டால் இந்தப் பயணம் விரைவாகவே முடிந்துவிடும். 1885இல் லூயி பாஸ்டர், நாய் கடித்த பின்பு ஒரு சிறுவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்ற முடிந்தது இந்த இடைவெளியால்தான். அறிகுறி தென்பட்டுவிட்டால் பிறகு செய்வதற்கு அநேகமாக ஒன்றுமில்லை.

வெறிநோய் கண்ட மாட்டுக்குத் தொண்டை செயலிழந்து, விழுங்க முடியாமல் எச்சில் வழிகிறது. நாக்கில் புண் இராது. வீட்டுக்காரர், பனங்கொட்டை அடைத்துக்கொண்டதாக எண்ணி, முழங்கைவரை கையை விட்டுத் துழாவியிருப்பார். எச்சிலிலுள்ள வைரஸ் புகக் கீறல் போதும் என்று அறியாமல், கருக்கரிவாள் கீறிய விரல்களோடு அப்படிச் செய்தவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே மாட்டைத் தொடுமுன் நான் கேட்பது, வாய்க்குள் யார் கைவிட்டார்கள் என்பதைத்தான். உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறேன்.

மாடு இறந்த மறுநாள், அதன் பாலைக் காய்ச்சிக் குடித்த தெருவே பதறிக்கொண்டு ஊசிக்குக் கிளம்பும். காய்ச்சிய பாலில் அந்த வைரஸ் பிழைத்திருக்காது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிடலாம். கைவிட்டுத் துழாவியவரோ, நாய் தம்மைக் கடிக்கவில்லையே என்று உளுந்து வயலுக்குப் போயிருப்பார். அவரை வரப்பில் போய்ப் பார்த்து, முதல் ஊசியோடு நின்றுவிடாமல் எல்லாத் தவணைகளையும் போட்டுக்கொள்ளச் செய்வதற்குத்தான் எனக்கு அதிக நேரம் செலவாகிறது.