லாரி, கார், ஒரு கூகுள் ஸ்லைட்

ஆன்லைன் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று நான் கேட்பதே இல்லை. கேட்டால் சாட்டில் 'யெஸ் மேம்' வரிசையாக வந்து விழும். யாருக்கு என்ன புரிந்தது என்று அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

முதலாண்டு இயற்பியல் எடுக்கிறேன். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு (ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு) இப்படி ஒரு கேள்வி வைப்பேன்: வேகமாக வரும் லாரி, நின்றுகொண்டிருக்கும் சின்ன கார் மேல் மோதுகிறது. எது எதன் மேல் அதிக விசை செலுத்தும்? அல்லது இரண்டும் சமமா? ஜூம் வாக்கெடுப்பில் பெயர் தெரியாமல் ஓட்டு. விதியைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள்தான். ஆனாலும் பாதிக்கு மேல் லாரிக்கே ஓட்டு விழும்.

முடிவைக் காட்ட மாட்டேன், விடையும் சொல்ல மாட்டேன். நான்கு நான்கு பேராகப் பிரேக்அவுட் ரூமுக்கு அனுப்பிவிடுவேன். ஒரே கூகுள் ஸ்லைட்ஸ் ஃபைலில் குழுவுக்கு ஒரு ஸ்லைட். விசைகளை அம்புக்குறியாக வரைந்து, காரணம் எழுத வேண்டும். அப்புறம் மறுபடி ஓட்டு.

ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் வகுப்பறையில் தொடங்கிய முறை இது. முதல் ஓட்டில் மாணவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை சரியாகச் சொல்லும் கேள்விக்குத்தான் இந்தப் பேச்சு நன்றாகப் பலன் தரும். அதற்கும் குறைந்தால் முதலில் நான் கொஞ்சம் விளக்கிவிடுவேன்.

ஆன்லைனில் எனக்கு ஒரு கூடுதல் வசதி. கிரிட் வியூவில் எல்லா ஸ்லைடையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். லாரியின் அம்பு நீளும், குறையும், யாரோ அழிப்பார்கள், இன்னொருவர் திரும்ப வரைவார். ஒருமுறை ஒரு மாணவி கமென்ட்டில் கேட்டாள்: "விசை சமம்னா கார் மட்டும் ஏன் நசுங்குது?" எவ்வளவு அருமையான கேள்வி! கீழேயே இன்னொருவன் பதில் போட்டான்: "விசைதான் சமம், நிறை சமமில்லை. சின்ன நிறைக்கு முடுக்கம் அதிகம்." வகுப்பில் வாயே திறக்காத பையன் அவன்.

பாதிப் பேர் போனில் வருகிறார்கள். போனில் ஜூமுக்கும் ஸ்லைட்ஸுக்கும் மாறி மாறிப் போவது சிரமம். அதனால் குழுவுக்கு ஒரு லேப்டாப்காரர் வரைய, மற்றவர்கள் பேசினால் போதும். வாரத்துக்கு ஒரு புது டூலும் வேண்டாம். கூகுளின் ஆன்லைன் கரும்பலகையான ஜாம்போர்டு எங்களுக்குப் பிடித்திருந்தது. 2024 கடைசியில் கூகுள் அதை மூடிவிட்டது, ஸ்லைட்ஸுக்கு வந்துவிட்டோம்.

இந்த வேலைக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் என்றால் தப்பாக வரைய யாருக்கும் தைரியம் வராது. யாராவது தொடர்ந்து எழுதாமல் இருந்தால் தனியாக மெசேஜ் செய்து கேட்பேன்; பெரும்பாலும் டேட்டா தீர்ந்திருக்கும்.

அடுத்தது உராய்வு. நடக்கும்போது தரை நம் காலில் செலுத்தும் உராய்வு விசை முன்னாலா, பின்னாலா? இயற்பியல் எடுப்பவர்கள் உங்கள் வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள், முதல் ஓட்டு எப்படி வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள்.