முந்தைய கேள்விக்குத் திரும்ப வழியில்லை

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபல் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்பது, அமெரிக்காவில் குடியேறி, வீடு பார்த்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, ஒருவழியாக நானும் படிக்கலாம் என்று சமுதாயக் கல்லூரிக்கு விண்ணப்பித்த நாளில்தான் எனக்கு உறைத்தது. காலாவதியான மதிப்பெண்ணை ஏற்க முடியாது என்று சொல்லி, எந்த நிலை ஆங்கில வகுப்பில் என்னைச் சேர்ப்பது என அறிய அக்யூபிளேசர் என்னும் கணினித் தேர்வை எழுதச் சொன்னார்கள். இதில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை என்றார் அலுவலகப் பெண்மணி. கீழ்நிலையில் விழுந்தால் பட்டத்துக்குக் கணக்கில் வராத வகுப்புகளுக்கும் கட்டணம் கட்ட நேரும் என்பதை அவர் சொல்லவில்லை.

டோஃபலையே எழுதியவள்தானே என்ற அலட்சியத்தோடு போனேன். நான் எழுதியபோது அந்தத் தேர்வின் வாசிப்புப் பகுதியில் புரியாத கேள்வியை விட்டுவிட்டுப் பிறகு வந்து பார்க்க முடிந்தது. நாம் சிறுவயதிலிருந்து பழகிய வழியும் அதுதான். இங்கோ விடையை உறுதி செய்தால்தான் அடுத்த கேள்வி வரும். வந்தபின் முந்தையதைத் தொட முடியாது. நாம் தரும் விடைகளை வைத்தே அடுத்த கேள்வி எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதை நிரல் முடிவு செய்கிறது. இது தெரியாததால், கேள்விகள் கடினமாகிக்கொண்டே போனபோது எல்லாமே தவறாகிறது என்று பதறினேன். திடீரென ஒன்று எளிதாக வந்ததும் பெருமூச்சு விட்டேன். பதற வேண்டிய இடம் உண்மையில் அதுதான்.

நேரக் கட்டுப்பாடு இல்லாததும் எனக்கு விநோதமாக இருந்தது. நான் எழுதிய டோஃபலில் 15 விநாடி யோசித்து 45 விநாடி பேச வேண்டியிருந்தது. ஒலிவாங்கியைச் சரிபார்ப்பதற்காக அறையிலுள்ள ஒவ்வொருவரும் தாம் வசிக்கும் நகரத்தை வருணிக்க, பக்கத்து இருக்கைக்காரரின் நகரமே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்துக்குப் பழகிய மனம், யாரும் துரத்தாத இடத்திலும் ஓடியது. கட்டுரையையும் வேகமாகவே முடித்தேன். அதைத் திருத்தியதும் கணினிதான். மதிப்பெண் உடனே வந்துவிட்டது. நான் எதிர்பார்த்ததைவிட ஒரு நிலை கீழே.

மறுமுறை எழுத அனுமதி கிடைத்தபோது, ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை படித்த பிறகே விடையைத் தொட்டேன். ஐந்தாறு கேள்விகளுக்குப் பின், இதுவரை பார்த்திராத சொற்களோடு ஒரு நீண்ட பத்தி திரையில் வந்தது. நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.