நெட் மேலாண்மைத் தாள்: டெய்லர் முதல் உட்வர்ட் வரை எப்படிப் படிப்பது

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர்ப் பக்கத்திலிருந்து யுஜிசி நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) மேலாண்மைத் தாள் எழுதப்போகிறவர்களுக்கு இது. (பாலக்காட்டுச் சித்தூரைச் சொல்கிறோம். ஆந்திரச் சித்தூர்க்காரர்களுக்கும் தாள் அதேதான்.) இரண்டாம் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். முதல் தாளின் 50 கேள்விகளையும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடாதீர்கள்.

மேலாண்மைச் சிந்தனை வளர்ந்த கதை முதல் அலகிலேயே வருகிறது. எல்லோரும் செய்வது பெயர், கோட்பாடு, ஆண்டு என்று ஒரு பட்டியல் போட்டு உருப்போடுவது. பொருத்துக வகைக்கு அது போதும். கூற்று–காரணம் வந்தால் கவிழ்த்துவிடும், ஏனென்றால் அங்கே கேட்பது ‘ஏன்’. ஒவ்வொரு கோட்பாடும் ஏதோ ஒரு நோய்க்கு வந்த மருந்து. அந்த மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்ததில் வந்த நோய்க்குத்தான் அடுத்த கோட்பாடு. ஆகவே ஒரு சிந்தனையாளருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி நான்கு வரி எழுதுங்கள்: எங்கே நின்று பார்த்தார், எதை அளந்தார், என்ன கிடைத்தது, எங்கே உடைந்தது. நான்காவது வரி பெரும்பாலான கைடுகளில் இருக்காது. தேடித்தான் எழுத வேண்டும்.

‘அறிவியல் மேலாண்மை’ டெய்லரை எடுப்போம். அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் 92 பவுண்டு எடையுள்ள வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றும் வேலை. ஒரு ஆள் நாளுக்கு 12.5 டன் ஏற்றிய இடத்தில் 47.5 டன் ஏற்ற வைத்தார். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலரானது. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். டெய்லர் மீதான விமர்சனம் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 1911-இல் வாட்டர்டவுன் ராணுவ ஆயுதச் சாலையில் ஸ்டாப்வாட்சோடு நேரம் குறிக்க வந்ததும் வார்ப்படத் தொழிலாளர்கள் வெளியேறினார்கள். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை போனது.

அடிக்கடி சறுக்கும் இடம், அவருடைய வேறுபட்ட துண்டுக்கூலி முறை. எஸ்டேட்டில் அடிப்படை அளவு இத்தனை கிலோ கொழுந்து, அதற்கு மேல் பறித்த கிலோவுக்கு மட்டும் கூடுதல் காசு என்று பார்த்துப் பழகியவர்கள் டெய்லரும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இலக்கைத் தொட்டால் முதல் துண்டிலிருந்தே உயர்ந்த விகிதம், தொடாவிட்டால் எல்லாத் துண்டுக்கும் தாழ்ந்த விகிதம். இலக்கு 10, விகிதங்கள் 8 ரூபாயும் 12 ரூபாயும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 துண்டு செய்தவருக்கு 72 ரூபாய், 10 செய்தவருக்கு 120. ஒரே ஒரு துண்டில் 48 ரூபாய் போய்விடுகிறது. ஏன் ஆத்திரம் வந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஃபயோல் சுரங்கக் கம்பெனியை மேலிருந்து நடத்தியவர். டெய்லர் பட்டறைத் தரையில் ஒரு தொழிலாளிக்கு எட்டு மேற்பார்வையாளர்களை வைக்கச் சொன்னார். ஃபயோலின் ‘யூனிட்டி ஆஃப் கமாண்ட்’ அதற்கு நேர் எதிர்: ஒரு ஆளுக்கு உத்தரவு போட ஒரே ஒருவர். பறிக்கிற பெண்ணுக்குக் கங்காணி ஒன்று சொல்லி, எடை போடுகிறவர் வேறொன்று சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள். ‘யூனிட்டி ஆஃப் டைரக்‌ஷன்’ வேறு: ஒரே நோக்கமுள்ள வேலைகளுக்கு ஒரே தலைவர், ஒரே திட்டம். முன்னது ஆளைப் பற்றியது, பின்னது வேலையைப் பற்றியது. ஃபயோலின் ஐந்து பணிகளில் ‘ஸ்டாஃபிங்’ (ஆள் அமர்த்தல்) கிடையாது. அது 1937-இல் லூதர் குலிக் தந்த ஏழு பணிகளில் வருவது. ஃபயோலின் நூல் 1916, ஆங்கிலத்தில் பரவலானது 1949-க்குப் பிறகுதான். கால வரிசைக் கேள்வியில் 1916-ஐயே கொள்ளுங்கள். ‘பியூராக்ரசி’ (விதிப்படி நடக்கும் அதிகார அமைப்பு) பற்றி எழுதிய வெபருக்கு அரைப் பக்கம் போதும்.

அமெரிக்காவின் ஹாதார்ன் ஆலையில் நடந்த ஆய்வுகளுக்கு மாறாக இரண்டு பக்கம் தேவைப்படும். வெளிச்ச ஆய்வு 1924–27, ரிலே பூட்டும் அறை 1927-இல் தொடக்கம், பிறகு நேர்காணல்கள், கடைசியில் பேங்க் வயரிங் அறை 1931–32. ‘கவனித்தால் உற்பத்தி கூடும்’ என்ற ஒரு வரியோடு பலர் நிறுத்திவிடுவார்கள். ஆனால் கடைசி அறையில் நடந்தது தலைகீழ். அங்கே 14 ஆண்கள். அதிகம் செய்தால் அதிகக் காசு என்ற திட்டம் இருந்தும், அவர்களே ஓர் அளவு வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகவில்லை. மீறியவரின் மேல்கையில் குத்து விழுந்தது. காசை விடக் குழுவின் சட்டம் பெரிது என்று காட்டியது இந்த அறை. முறைசாரா அமைப்பு என்ற கருத்துக்கு வேர் இங்கேதான்.

இதற்கு மூணாற்றை விட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. 2005-இல் டாட்டா டீ தோட்டங்களை விட்டபோது கண்ணன் தேவன் கம்பெனி உருவாகி, தொழிலாளர்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். ஏட்டில் பார்த்தால் பங்கேற்பு மேலாண்மையின் உச்சம். 2015 செப்டம்பரில் போனஸ் குறைந்ததும் ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே விடவில்லை. ஒன்பது நாளில் 8.33 சதவீதம் போனஸும் 11.67 சதவீதம் கருணைத் தொகையுமாக 20 சதவீதத்தில் முடிந்தது. பங்குப் பத்திரம் கையில் இருப்பது வேறு, முடிவெடுக்கும் மேசையில் இடம் இருப்பது வேறு. பேச வேண்டிய முறையான வழி சங்கம். அது அடைத்துக்கொண்டதும், பொம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் முறைசாரா வழி திறந்தது. நெட்டில் இதை எழுத இடமில்லை. பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுரையிலும் நேர்முகத்திலும் தாராளமாகச் சொல்லலாம்.

ஊக்கம் பற்றிய கோட்பாடுகளில் மாஸ்லோ 1943, ஹெர்ஸ்பெர்க் 1959, மெக்கிரெகர் 1960 என்ற மூன்றையும் ஒரே வரிசையில் வையுங்கள். ஹெர்ஸ்பெர்க்கில் ஒன்றைக் கவனியுங்கள்: சம்பளம் ‘ஹைஜீன்’ பக்கம். அது குறைந்தால் அதிருப்தி வரும், கூடினால் ஊக்கம் வந்துவிடாது.

அதன் பிறகு வருவது சூழல்சார் கோட்பாடு. ஜோன் உட்வர்ட் தெற்கு எசெக்ஸில் சுமார் 100 ஆலைகளைப் பார்த்து, எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அமைப்பு இல்லை, உற்பத்தித் தொழில்நுட்பத்துக்குப் பொருந்திய அமைப்புள்ளவையே நன்றாக நடந்தன என்றார். படச்சுருள் கம்பெனியான கோடாக்கை இங்கே சேர்த்துப் படிக்கலாம். டிஜிட்டல் கேமராவை 1975-இலேயே செய்து பார்த்த கம்பெனி, 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது. படச்சுருள் தந்த லாபமே கையைக் கட்டியது.

தேர்வறையில் கால வரிசைக் கேள்வி வந்தால், கொடுத்திருக்கும் எல்லாவற்றையும் அடுக்க முயலாதீர்கள். முதலாவதையும் கடைசியையும் உறுதி செய்தால் பெரும்பாலும் இரண்டு விடைகள் கழிந்துவிடும். கூற்று–காரணத்தில் இரண்டும் சரி என்று பட்டால், நடுவில் ‘ஏனென்றால்’ போட்டுத் தமிழில் ஒருமுறை வாசியுங்கள். பொருந்தாத காரணம் அப்போதே காதில் இடறும்.